பூட்டு, சாவி, கணவாய்: நொதியை விளக்கும் தமிழ் உவமைகளும் கலைச்சொற்களும் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நொதிகளின் அமைப்பையும் செயலையும் தமிழில் விளக்கும்போது பூட்டு–சாவி உவமையே பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது. 1894-இல் எமில் பிஷர் முன்வைத்த இவ்வுவமை, ஒரு நொதி குறிப்பிட்ட பொருளை மட்டும் ஏன் தேர்ந்துகொள்கிறது என்பதை விளக்க எழுந்தது. வேதிவினை ஏன் விரைவு பெறுகிறது என்பதை அது விளக்கவில்லை. தொல்காப்பிய உவமவியல் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் அடிப்படைகளைக் கொண்டு இக்கட்டுரை இவ்வுவமையை மதிப்பிடுகிறது. மெய் பற்றிய உவமையாக அது பொருந்துவதையும் வினை பற்றிய உவமையாகப் பிறழ்வதையும் லைசோசைம் நொதியைச் சான்றாகக் கொண்டு காட்டுகிறது. நொதி, வினையூக்கி, தளப்பொருள், இடைநிலை ஆகிய கலைச்சொற்களையும் ஆராய்ந்து, 'தாண்டல் நிலை' என்னும் கருத்தை மையமாகக் கொண்ட விளக்கமுறையைப் பரிந்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நொதி, உவமை, பூட்டு–சாவி, தாண்டல் நிலை, லைசோசைம், அறிவியல் தமிழ், கலைச்சொல்

முன்னுரை

உயிரணுவில் நிகழும் வேதிவினைகளுள் பெரும்பாலானவை நொதிகளின் துணையின்றி உயிர்வாழ்வுக்குப் போதிய விரைவில் நிகழா. கார்பன் டைஆக்சைடும் நீரும் சேர்ந்து பைகார்பனேட்டாக மாறும் வினையை, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை நிகழ்த்த வல்லது. ஆர்என்ஏ-வின் கட்டுமானப் பொருள்களுள் ஒன்று உருவாகும் வழியில் ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடு நீங்க வேண்டும். நொதியில்லாத நீரில் இவ்வினை பாதியளவு நிறைவேற ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என 1995-இல் ராட்சிக்கா, வோல்ஃபெண்டன் ஆகியோர் கணித்தனர். நொதியின் கிளர்வு மையத்தில் அதே மாற்றம் ஒரு நொடியின் சிறு கூறில் முடிந்துவிடுகிறது.

நொதியைப் பற்றிய எந்த விளக்கமும் முதன்மையாக விடையளிக்க வேண்டிய வினா இவ்விரைவு எங்கிருந்து வருகிறது என்பதாகும். ஆயினும் பள்ளிப் பாடங்களிலும் பொது அறிவியல் கட்டுரைகளிலும் நொதி பற்றிய விளக்கம் பெரும்பாலும் பூட்டு–சாவிப் படத்தில் தொடங்கி, 'பொருந்தும். எனவே வினை நிகழும்' என்னும் முடிவில் நின்றுவிடுகிறது. பொருந்துதல் எவ்வாறு வினையாக மாறுகிறது என்னும் இடைப்படி விடுபடுகிறது. இவ்விடுபாட்டுக்கு உவமையும் கலைச்சொற்களும் எவ்வளவு காரணமாகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இங்கு நொதி எதன்மீது செயல்படுகிறதோ அதனை வினைபடுபொருள் என்றும், வினையின் முடிவில் தோன்றுவதை விளைபொருள் என்றும், நொதியில் வினை நிகழும் குழிவைக் கிளர்வு மையம் என்றும் குறிப்பிடுகிறோம்.

1. உவமையை அளக்கும் அளவுகோல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், உவமை தோன்றும் அடிப்படைகளாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கைக் கூறுகிறது. மெய் என்பது வடிவு, உரு என்பது நிறம் என உரையாசிரியர்கள் விளக்குவர். பாய்ச்சலில் வீரனைப் புலியோடு ஒப்பிடுவது வினை பற்றியது. கொடையை மழையோடு ஒப்பிடுவது பயன் பற்றியது. இடையைத் துடியோடு ஒப்பிடுவது மெய் பற்றியது. வாயைப் பவளத்தோடு ஒப்பிடுவது உரு பற்றியது. பிற்காலத் தண்டியலங்காரமும் பண்பு, தொழில், பயன் எனப் பிரித்துக் காட்டுகிறது.

ஓர் உவமை இவ்வடிப்படைகள் அனைத்திலும் பொருந்த வேண்டியதில்லை. துடி போன்ற இடை என்பதைக் கேட்டவர் எவரும் இடையிலிருந்து ஓசை எழுமா என வினவுவதில்லை. இடை எத்தகையது என்பதை முன்பே அறிந்திருப்பதால், ஒப்புமை வடிவோடு நிற்கிறது என்பதைக் கேட்பவர் தாமே வரையறுத்துக்கொள்கிறார்.

அறிவியல் விளக்கத்தில் இந்நிலை தலைகீழாகிறது. நொதியை மாணவர் கண்டதில்லை. உவமையின் வழியாகவே அதனை அறிகிறார். ஒப்புமை எவ்விடத்தில் முடிகிறது என்பதை அறிய அவரிடம் வேறு சான்று இல்லை. ஆகவே வடிவு பற்றிக் கூறப்பட்ட உவமையை அவர் வினை பற்றியும் பயன் பற்றியும் ஒருங்கே கூறப்பட்டதாகக் கொள்கிறார். இலக்கியத்தில் உவமையின் அடிப்படையைக் குறிப்பாக விடலாம். அறிவியலில் அதனை வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். இவ்வேறுபாடே பின்வரும் மதிப்பீட்டின் அடித்தளம்.

2. உவமை பிறந்த சூழல்

செருமானிய வேதியியலறிஞர் எமில் பிஷர் சர்க்கரைகளின் முப்பரிமாண அமைப்பை வகுத்தவர். மெத்தில் குளுக்கோசைடு என்னும் சேர்மம் ஆல்பா, பீட்டா என இரு வடிவங்களில் உள்ளது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, பிணைப்புகளின் வரிசையும் ஒன்றே. ஒரு கார்பன் அணுவில் ஒரு பிணைப்பு நோக்கும் திசை மட்டுமே வேறு. ஈஸ்டிலிருந்து பெற்ற சாறு ஆல்பா வடிவத்தை மட்டும் சிதைத்தது. வாதுமைப் பருப்பிலிருந்து பெற்ற எமல்சின் பீட்டா வடிவத்தை மட்டும் சிதைத்தது. இந்நுண்ணிய தேர்வை விளக்கவே 1894-இல் பிஷர், நொதியும் குளுக்கோசைடும் பூட்டும் சாவியும் போல் பொருந்த வேண்டும் என்றார்.

அக்காலத்தில் நொதி என்ன பொருளால் ஆனது என்பதே உறுதிப்படவில்லை. ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்துப் பயறிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்து, அது புரதம் என்று காட்டியது 1926-இல்தான். அம்முடிவும் உடனே ஏற்கப்படவில்லை; 1930-இல் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பின்னரே ஐயம் படிப்படியாக நீங்கியது. நொதியின் அமைப்பை எவரும் காணாத காலத்தில், வடிவே தேர்வுக்குக் காரணம் என்று பிஷர் கணித்தது சிறந்த நுண்ணறிவாகும். அவருடைய வினா 'எது?' என்பது, அதற்கு அவருடைய உவமை சரியான விடை. பின்வந்தோர் அவ்வுவமையை 'எவ்வாறு?' என்னும் வினாவுக்கும் விடையாக நீட்டியதிலேயே குறை தோன்றுகிறது.

3. வினையில் பிறழும் உவமை

வழக்கமான விளக்கத்தில் பூட்டு நொதி, சாவி வினைபடுபொருள். வீட்டுப் பூட்டில் செயல்படுவது சாவி, திறந்து மாறுவது பூட்டு, மாறாமல் மீள்வது சாவி. நொதியிலோ மாறாமல் மீள்வது பூட்டு; உடைந்தோ இணைந்தோ உருமாறுவது சாவி. செயலின் திசையே எதிராகிறது. இதனை உணர்ந்த சிலர் நொதியைச் சாவி என்றும் வினைபடுபொருளைப் பூட்டு என்றும் மாற்றிக் கூறுவதுண்டு. அப்போது 'மாறாமல் மீள்வது' என்னும் பண்பு பொருந்துகிறது. ஆனால் குழிவு நொதியில் உள்ளது என்னும் வடிவ ஒப்புமை கெடுகிறது. எவ்வாறு வைத்தாலும் மெய்யும் வினையும் ஒருசேரப் பொருந்துவதில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. ஒரு பிணைப்பு உடைய வேண்டுமாயின், மூலக்கூறு பழைய பிணைப்பு பாதி தளர்ந்தும் புதிய பிணைப்பு பாதி தோன்றியும் நிற்கும் ஆற்றல் மிகுந்த ஒரு நிலையைக் கடந்தாக வேண்டும். ஒரு நொடியை 10 லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு அளவே அந்நிலை நீடிக்கும். தொடக்க நிலைக்கும் இந்நிலைக்கும் இடையேயான ஆற்றல் வேறுபாடே கிளர்வு ஆற்றல். அது மிகுந்தால் வினை மெதுவாகும், குறைந்தால் விரைவாகும்.

நொதியின் குழிவு வினைபடுபொருளுக்கு முற்றிலும் பொருந்துகிறது என்று கொள்வோம். பொருத்தம் மிகுந்த அளவுக்குப் பிணைப்பு உறுதியாகும். வினைபடுபொருள் அந்நிலையிலேயே அமைதி பெறும். அதன் ஆற்றல் தாழ்வதால் கடக்க வேண்டிய ஏற்றம் கூடும். ஆகவே முழுப் பொருத்தம் வினையை விரைவுபடுத்தாது, தடுக்கும். சாவிக்கு நன்கு பொருந்தும் பூட்டு சாவியைக் காக்கும், அதனை உடைக்காது. சாவி பூட்டுக்குள் சற்று இறுக்கத்துக்கு உள்ளாக வேண்டும் என்னும் கருத்தை ஹால்டேன் 1930-இல் நொதிகள் குறித்த தம் நூலில் முன்வைத்தார். லைனஸ் பாலிங் 1940-களின் பிற்பகுதியில் இதனைத் தெளிவாக்கினார்: நொதி இறுகப் பற்றுவது வினைபடுபொருளையன்று, அது கடக்க வேண்டிய உச்ச நிலையையே.

இக்கருத்தைச் சோதித்தறியவும் இயன்றது. உடலின் எதிர்ப்புரதங்கள் எந்த வடிவத்துக்கு எதிராக உருவாக்கப்படுகின்றனவோ அவ்வடிவத்தை இறுகப் பற்றும். பாலிங் கூறியது சரியாயின், உச்ச நிலையை ஒத்த நிலையான சேர்மம் ஒன்றுக்கு எதிராக உருவாக்கப்பட்ட எதிர்ப்புரதம் நொதியாகச் செயல்பட வேண்டும். 1986-இல் ரிச்சர்ட் லெர்னர், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அத்தகைய எதிர்ப்புரதங்களை உருவாக்கி, அவை வினையை விரைவுபடுத்துவதைக் காட்டின. பூட்டு–சாவி உவமையிலிருந்து இச்சோதனையை எவரும் வருவித்திருக்க முடியாது.

பூட்டு–சாவிச் சிந்தனையின் நிழல் கணக்கீடுகளிலும் படிகிறது. மைக்கேலிஸ், மென்டன் ஆகியோர் 1913-இல் வகுத்த சமன்பாட்டில் வரும் மைக்கேலிஸ் மாறிலி, வினையின் விரைவு தன் உச்சத்தில் பாதியை அடையும்போது உள்ள வினைபடுபொருள் செறிவைக் குறிக்கிறது. 'மாறிலி சிறிது, எனவே பிணைப்பு இறுக்கம், எனவே நொதி சிறந்தது' என்னும் வரிசை வகுப்புகளில் எளிதாகக் கூறப்படுகிறது. முதற்படி சில சூழல்களில் மட்டுமே உண்மை. இரண்டாம் படி மேற்கண்ட காரணத்தால் வழுவுடையது. வினைபடுபொருளை விடாமல் பற்றும் நொதி சிறந்த நொதி ஆகாது.

4. ஒரு சான்று: லைசோசைம்

முப்பரிமாண அமைப்பு முதன்முதலில் அறியப்பட்ட நொதி லைசோசைம். கண்ணீர், உமிழ்நீர், கோழி முட்டையின் வெண்கரு ஆகியவற்றில் உள்ள இதனை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் அறிவித்தார். பாக்டீரியாவின் சுவரிலுள்ள சர்க்கரைத் தொடரை இது வெட்டுகிறது. 1965-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸும் உடனாய்ந்தோரும் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் இதன் அமைப்பை வெளிக்கொணர்ந்தனர்.

கோழி முட்டை லைசோசைம் 129 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர். அத்தொடர் மடிந்து உருண்டு, நடுவில் நீண்ட பிளவு ஒன்றைப் பெறுகிறது. பிளவில் சர்க்கரைத் தொடரின் ஆறு வளையங்கள் அமரும்; நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலான பிணைப்பு வெட்டப்படும். இவ்வளவில் பூட்டு–சாவிப் படம் பொருந்துகிறது. ஆனால் பிலிப்ஸ் சர்க்கரைத் தொடரின் மாதிரியைப் பிளவில் பொருத்திப் பார்த்தபோது நான்காவது வளையம் தன் இயல்பான வடிவில் அமரவில்லை. அது தட்டையாகத் திரிந்தாலன்றி அங்கு இடமில்லை. வெட்டு நிகழும் நொடியில் அவ்வளையம் நேர்மின்னேற்றம் பெற்றுத் தட்டையாக வேண்டியதும் அவ்வாறே. எனவே நொதியின் குழிவு, வளையம் தொடக்கத்தில் இருக்கும் வடிவுக்கன்றி, ஆக வேண்டிய வடிவுக்கே பொருந்துகிறது. ஏனைய வளையங்கள் நன்கு பொருந்துவதால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம், நான்காவது வளையத்தின் திரிபுக்கு ஈடாகிறது. பொருத்தமின்மையே இங்கு வினையின் திறவுகோல்.

அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவை இந்நொதி மேலும் தெளிவாக்குகிறது. வெட்டும் பணியில் நேரடியாக ஈடுபடுவன 129-இல் இரண்டே: 35-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலமும் 52-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலமும். தொடர் வரிசையில் விலகியுள்ள இவ்விரண்டும், தொடர் மடிந்தபின் பிளவின் இரு புறத்திலும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. இரண்டிலும் உள்ளது கார்பாக்சில் தொகுதியே. ஆனால் 35-ஆம் இடத்தைச் சூழ்ந்திருப்பவை நீரை விலக்கும் பக்கத் தொகுதிகள். ஆகவே அது தன் புரோட்டானை விடாது வைத்திருந்து, உடைய வேண்டிய பிணைப்பின் ஆக்சிஜனுக்கு உரிய நேரத்தில் வழங்குகிறது. 52-ஆம் இடத்துக்கு முனைவுள்ள சூழல் அமைந்திருப்பதால் அது புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றத்துடன் நிற்கிறது. ஒரே வகைத் தொகுதி, சூழல் வேறுபட்டதால் இருவேறு பணி செய்கிறது. வெப்பத்தால் மடிப்பு குலைந்தால் ஓர் அமினோ அமிலமும் நீங்காவிடினும் செயல் ஒழிவது இதனாலேயே.

எதிர்மின்னேற்றம் கொண்ட 52-ஆம் இடம், வளையத்தின் நேர்மின்னேற்றத்தை அருகிருந்து தாங்குகிறது என்று பிலிப்ஸ் கருதினார். 2001-இல் ஸ்டீபன் விதர்ஸ் குழுவினர், அது வளையத்தோடு சிறிது நேரம் நேரடிப் பிணைப்பே கொள்கிறது எனச் சான்று காட்டினர். இவ்வகை வினைகளுக்கு இத்தகைய ஈரடுக்கு வழியை 1953-இலேயே டேனியல் கோஷ்லாந்து கருதியிருந்தார். விளக்கத்தின் இப்பகுதி திருத்தப்பட்ட போதிலும், வளையம் திரிவதும் அத்திரிபுக்கு நொதி துணைநிற்பதும் ஆகிய மையக் கருத்துகள் நிலைத்துள்ளன.

5. தூண்டப்பட்ட பொருத்தம்: திருத்தமும் அதன் எல்லையும்

கோஷ்லாந்து 1958-இல் தூண்டப்பட்ட பொருத்தம் என்னும் கருத்தை முன்வைத்தார். வினைபடுபொருள் வந்து சேர்வதால் நொதியே தன் வடிவை மாற்றிக்கொள்கிறது என்பது இதன் சாரம். பாடநூல்கள் இதனைப் பூட்டு–சாவியின் அடுத்த படியாக, கையுறைக்குள் கை நுழைவதோடு ஒப்பிட்டுக் கூறும்.

இக்கருத்தின் தேவையை ஹெக்சோகைனேஸ் நொதி நன்கு உணர்த்தும். ஏடிபி-யிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைக் குளுக்கோசுக்கு மாற்றுவது இதன் பணி. குளுக்கோசில் பாஸ்பேட்டை ஏற்பது ஹைட்ராக்சில் தொகுதி. நீரிலும் அத்தொகுதி உண்டு. நீர் குளுக்கோசைவிட மிகச் சிறியது. குழிவுக்குள் எளிதில் நுழையும். உயிரணுவில் எங்கும் நிறைந்துள்ளது. பூட்டு–சாவிக் கருத்தின்படி, பெரிய சாவிக்கான துளையில் சிறிய பொருள் நுழைவதற்குத் தடையில்லை. ஆயினும் நொதி பாஸ்பேட்டை நீருக்கு மாற்றி வீணாக்குவது மிகமிக அரிது. குளுக்கோஸ் வந்தமர்ந்தால் நொதியின் இரு பகுதிகளும் அதன்மேல் மூடிக்கொள்கின்றன. அம்மூடலிலேயே வினைக்குரிய தொகுதிகள் தத்தம் இடத்தை அடைகின்றன. நீரால் அம்மூடலைத் தூண்ட இயலாது. ஈஸ்ட் ஹெக்சோகைனேசில் இம்மூடலை 1970-களின் இறுதியில் தாமஸ் ஸ்டைட்ஸும் உடனாய்ந்தோரும் படிகவியலால் காட்டினர்.

ஆயினும் கையுறை உவமையும் அடிப்படையில் வடிவு பற்றியதே. கை நுழைந்த கையுறை கையை மாற்றுவதில்லை. தேர்வின் விளக்கத்தைச் செம்மைப்படுத்தும் இக்கருத்து, விரைவின் விளக்கத்தை உச்ச நிலைக் கருத்தோடு சேர்ந்தால்தான் முழுமையாக்கும். இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்து 'பழையது, புதியது' எனப் பிரிப்பதால், மூன்றாவதான இன்றியமையாத கருத்து மறைந்துவிடுகிறது.

6. கலைச்சொற்கள் உணர்த்துவனவும் மறைப்பனவும்

நொதி: நொதித்தல் என்னும் வினையிலிருந்து அமைந்த இச்சொல் சுருக்கமானது, நொதியியல், துணைநொதி, நொதித்தடுப்பி எனப் பல சொற்களை எளிதில் ஈனுவது. இலங்கை வழக்கில் நொதியம் எனப்படும். 1870-களில் வில்ஹெல்ம் கியூனே படைத்த 'என்சைம்' என்னும் சொல்லும் 'புளிமாவில் உள்ளது' என்னும் கிரேக்கப் பொருளுடையதாதலால், தமிழ்ச்சொல் அதன் வரலாற்றையும் தாங்கி நிற்கிறது. ஆனால் மாவு நொதிப்பது நுண்ணுயிர்களால். நொதித்தலுக்கும் நொதிக்கும் உள்ள ஒலியுறவு, நொதியும் ஓர் உயிரி என்னும் மயக்கத்தைத் தரக்கூடும். 'சூட்டில் நொதி இறந்துவிடும்' என்னும் பேச்சு வழக்கில் அம்மயக்கத்தைக் காணலாம். உயிரணு இல்லாத ஈஸ்ட் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என 1897-இல் எடுவர்ட் புக்னர் நிறுவியது இம்மயக்கத்துக்கு எதிரான சான்றேயாகும். சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'இறத்தல்' என்பதற்கு மாறாக 'இயல்பிழத்தல்' என்னும் பாடநூற் சொல்லை உறுதியாக ஆளுதல் போதும். மேலும், 'நொதிகள் அனைத்தும் புரதங்கள்' என்னும் வரையறையையும் தளர்த்த வேண்டும். வினையூக்கும் ஆர்என்ஏ-க்களைக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் 1989-இல் நோபல் பரிசு பெற்றனர்.

வினையூக்கி: ஊக்குதல் என்பது வலிமையோ முனைப்போ அளித்தல். நொதி வினைக்கு ஆற்றலை வழங்குகிறது என்னும் எண்ணத்துக்கு இச்சொல் இடமளிக்கிறது. உண்மையில் நொதி ஆற்றலை ஊட்டுவதில்லை. கடக்க வேண்டிய ஏற்றத்தைத் தாழ்த்துகிறது. முன்வினை, பின்வினை இரண்டையும் ஒரே விகிதத்தில் விரைவுபடுத்துவதால் சமநிலையின் இருப்பிடத்தையும் அது மாற்றுவதில்லை. சொல் வேரூன்றிவிட்டதாதலால் விளக்கத்தில் இவ்விரு எல்லைகளையும் உடன் கூறுதல் தேவை.

தளப்பொருள்: தமிழகத்தில் தளப்பொருள் என்றும் இலங்கையில் கீழ்ப்படை என்றும் வழங்கும் சொற்கள், 'கீழே விரிந்திருப்பது' என்னும் இலத்தீன் வழிப் பொருளைப் பின்பற்றியவை. தளம் என்பது அசையாது தாங்குவது. ஆனால் நொதியில் தாங்குவது நொதியே, மாறுவது இப்பொருள். செயப்படுபொருள் என்னும் இலக்கணச் சொல்லில் 'படு' என்பது செயலை ஏற்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. அதனை ஒத்த வினைபடுபொருள் என்னும் சொல் ஏற்கனவே வேதியியலில் உள்ளது. பொதுவான வேதிவினைகளிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'நொதியின் வினைபடுபொருள்' எனலாம்.

இடைநிலை: உச்ச நிலையைக் குறிக்க இச்சொல்லை ஆள்வது பெருமயக்கத்துக்கு இடமாகிறது. வினையின் வழியில் சிறிது நேரம் தங்கும், பிரித்தறியத்தக்க பொருள்களையும் இடைநிலைப் பொருள்கள் என்றே கூறுகிறோம். லைசோசைமில் வளையம் 52-ஆம் இடத்தோடு பிணைந்திருப்பது தங்கும் பொருள். அதற்கு முன்னும் பின்னும் கடக்கப்படும் உச்சங்கள் தங்காதவை. ஒரே சொல் இரண்டையும் குறித்தால் மேற்கண்ட 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தமிழில் தெளிவாகக் கூறவே இயலாது. தமிழகத்தில் இடைநிலைத் தனிமங்கள் எனப்படுவன இலங்கைத் தமிழில் தாண்டல் மூலகங்கள் எனப்படுகின்றன. அவ்வழக்கிலிருந்து 'தாண்டல்' என்பதை ஏற்று, உச்ச நிலையைத் தாண்டல் நிலை எனலாம். தாண்டுவதற்குரியது, தங்குவதற்குரியதன்று என்னும் பொருள் சொல்லிலேயே அமைகிறது. தங்கும் பொருளுக்கு இடைநிலைப் பொருள் என்பது உரியதாக நிற்கும்.

7. பயன் பற்றியும் வினை பற்றியும் உவமைகள்

ஒரே உவமை எல்லாவற்றையும் சுமக்க இயலாதெனின், அடிப்படைக்கு ஒன்றாக உவமைகளை வகுத்துக்கொள்ளலாம். பயன் பற்றிய உவமைக்குக் கணவாய் பொருத்தமானது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்பவர் மலையுச்சியை ஏற வேண்டியதில்லை. கணவாய் அவருக்கு வலிமை தருவதில்லை. இரு ஊர்களின் உயரத்தையும் மாற்றுவதில்லை. போக்கு, வரவு இரண்டுக்கும் ஒன்றுபோலவே உதவுகிறது. ஆற்றல் ஊட்டாமை, சமநிலை மாறாமை, இருதிசை விரைவு ஆகிய மூன்றையும் இவ்வுவமை ஒருங்கே காட்டுகிறது. தேர்வைப் பற்றி இது எதுவும் கூறாது. எல்லாப் பயணிகளுக்கும் கணவாய் ஒன்றே.

வினை பற்றிய உவமைக்குப் பாக்குவெட்டியைக் கொள்ளலாம். அது பாக்கை ஏற்று, அதன்மேல் மூடி, பிளந்து, தான் மாறாமல் அடுத்த பாக்குக்கு ஆயத்தமாகிறது. செயலின் திசை இங்குச் சரியாக உள்ளது. ஹெக்சோகைனேசின் மூடலும் நினைவுக்கு வரும். ஆனால் பாக்குவெட்டிக்குக் கையின் விசை வேண்டும். நொதிக்கோ, வினைபடுபொருளோடு ஏற்படும் பல மெல்லிய பிணைப்புகளின் ஆதாயமே போதும். இவ்வெல்லையையும் கூறியே உவமையை ஆள வேண்டும். பூட்டு–சாவியும் இம்முறையில் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது: அது மெய் பற்றியது, தேர்வை விளக்குவது, அத்தோடு நிற்பது.

8. உவமைத் தேர்வின் விளைவு

இம்மதிப்பீட்டுக்கு மொழியைக் கடந்த பயனும் உண்டு. நொதித்தடுப்பிகளாகிய மருந்துகளைப் 'போலிச் சாவி' என விளக்குவது வழக்கம். சில மருந்துகளுக்கு அவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் நொதி தாண்டல் நிலையையே மிக இறுகப் பற்றுமாயின், அந்நிலையை ஒத்த சேர்மமே சிறந்த தடுப்பியாக வேண்டும். இவ்வழியில் வடிவமைக்கப்பட்ட மருந்துகள் பல. எச்ஐவி கிருமியின் புரதம் வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்துகளுள் முதலாவதாக 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சாக்குவினாவிர், வெட்டப்படும் பிணைப்பு அந்நொடியில் கொள்ளும் நான்முக வடிவை ஒத்தது. 1999-இல் ஒப்புதல் பெற்ற ஒசெல்டாமிவிர், சனாமிவிர் ஆகியவை இன்ஃபுளூவென்சா கிருமியின் நியூராமினிடேஸ் நொதியைத் தடுப்பவை. அந்நொதியும் லைசோசைமைப் போலவே சர்க்கரைப் பிணைப்பை வெட்டுவது; தாண்டல் நிலையில் அங்கும் வளையம் தட்டையாகிறது. இம்மருந்துகளின் வளையம் அத்தட்டை வடிவையே ஒத்திருக்கிறது.

பூட்டு–சாவியோடு நின்றுவிட்ட மாணவருக்கு இம்மருந்துகளின் வடிவமைப்பு புரியாப் புதிராகவே இருக்கும். தாண்டல் நிலையை அறிந்தவர், லைசோசைமின் நான்காவது வளையத்திலிருந்து காய்ச்சல் மருந்துக்கு ஒரே எட்டில் வந்துவிடலாம். தமிழில் அறிவியல் பயில்வோர் இவ்வெட்டை எடுத்துவைக்க, மொழியில் வழி இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பூட்டு–சாவி உவமை மெய் பற்றியது, நொதியின் தேர்வை விளக்கும், விரைவை விளக்காது. அதனை வினை பற்றிய உவமையாக நீட்டினால், நொதி வினைபடுபொருளுக்கு முழுதும் பொருந்த வேண்டும் என்னும் பிழையான முடிவுக்கு அது இட்டுச்செல்லும். நொதியின் விரைவுக்கு மையமான காரணம், அதன் மடிப்பும் கிளர்வு மையத்தின் சூழலும் தாண்டல் நிலைக்குப் பொருந்துமாறு அமைந்திருத்தல். இதனைத் தெளிவாகக் கூற, தாண்டல் நிலையையும் இடைநிலைப் பொருளையும் வேறுபடுத்தும் சொற்கள் தமிழுக்குத் தேவை. இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் ஒன்றிடமிருந்து ஒன்று பெற்று இத்தேவையை நிறைவு செய்துகொள்ள முடியும். உவமையை ஆள்பவர் அது எதைப் பற்றியது என்பதையும் எவ்விடத்தில் முடிகிறது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். இதற்குரிய கருவி தொல்காப்பிய உவமவியலில் முன்பே உள்ளது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட அக்கருவியை அறிவியல் உரைநடைக்கும் பயன்படுத்துவது, பாடநூல் ஆக்கத்தில் ஈடுபடுவோர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.